கால் வலி: சாப்பாடா, ரத்த ஓட்டமா? அறிகுறியை வைத்துப் பிடிக்கும் வழி

எங்கள் மாமா எட்டு மாதம் வாழைக்காயைத் தொடவில்லை. அதற்குப் பின்னால் உருளைக்கிழங்கு, மொச்சை, கொண்டைக்கடலை என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் புளியும் போயிற்று. வாயு கெண்டைக்காலில் இறங்கியிருக்கிறது என்பது அவர் கணக்கு. அத்தை தன் பங்குக்குப் பூண்டுக் குழம்பும் சுக்குக் கஷாயமுமாக வைத்துப் பார்த்தார். வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு நாள் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு அவரோடு நடந்து வந்தேன். நாலாவது மின்கம்பத்தருகே நின்றார். வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். எதிர்க்கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோல் பார்த்தார். இரண்டு நிமிடம் ஆனதும் மறுபடி நடந்தார். எட்டாவது கம்பம் வந்தது, மறுபடி வேட்டி. "என்ன மாமா?" என்றேன். "ஒண்ணுமில்லடா, வேட்டி நழுவுது" என்றபடி பீடி ஒன்றைப் பற்றவைத்தார். நாலு கம்பம் நடை, இரண்டு நிமிடம் நிற்றல், மறுபடி நாலு கம்பம். வாழைக்காய்க்கு இப்படிக் கம்பம் எண்ணத் தெரியாது.

நான் பிசியோதெரபிஸ்ட். கால் வலி என்று வருகிறவர்களைத் தினமும் பார்க்கிற நானே வீட்டில் எட்டு மாதம் கோட்டை விட்டேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

காரணம் தெரியாத கால் வலி என்றால் நம் வீடுகளில் முதல் கேள்வி "நேத்து என்ன சாப்பிட்ட?" என்பது. யூரிக் ஆசிட் விவகாரத்தைத் தவிர, நேற்றுச் சாப்பிட்டது இன்று கால் வலியாக வருவது அபூர்வம். வருஷக்கணக்கில் சாப்பிடாமல் விட்டது வலிக்க வைப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதனால் கேட்க வேண்டியவை வேறு மூன்று: எப்போது வருகிறது, எவ்வளவு தூரத்தில் அல்லது நேரத்தில் வருகிறது, என்ன செய்தால் போகிறது. இந்த மூன்றுக்கும் ஒரு வாரம் தாளில் குறித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில், இவை இருந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்

ஒரு கால் திடீரென்று வலித்து, ஜில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போய், விரலை அசைக்க முடியவில்லை என்றால் அந்தக் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயான தமனி அடைபட்டிருக்கலாம். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் அடைப்பை எடுத்தால்தான் கால் முழுதாக மிஞ்ச நல்ல வாய்ப்பு. "காலையில் பார்க்கலாம்" என்று படுப்பதற்கு அதில் இடமில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை கனத்து, தொட்டால் சூடாக இருந்தால், அதிலும் அண்மையில் ஆபரேஷன், பிரசவம், மாவுக்கட்டு, நெடுந்தூரப் பயணம், கருத்தடை மாத்திரை, புற்றுநோய் சிகிச்சை என்று ஏதாவது இருந்தால், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயான சிரையில், ஆழத்தில், ரத்தம் உறைந்திருக்கலாம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் அன்றைக்கே வேண்டும். தயவுசெய்து எண்ணெய் தேய்த்து நீவி விடாதீர்கள். உறைந்த கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்குவதோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் அதுவும் 108.

சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண், கறுத்த விரல், காய்ச்சல். அல்லது இரண்டு காலும் பலமிழந்து, உட்காரும் இடம் மரத்து, சிறுநீர் போவதில் தடை. இவையும் அன்றைக்கே பார்க்க வேண்டியவை.

நரம்பு என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்

தமிழில் கால் வலியைச் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. தோலுக்கடியில் பச்சையாகத் தெரியும் சிரையும் நரம்பு, மூளைக்குச் செய்தி கொண்டுபோவதும் நரம்பு, குதிகாலுக்கு மேலே கயிறுபோல் இருக்கும் தசைநாணும் நரம்பு. ஒருவர் "நரம்பு இழுக்குது" என்றால் சதைப் பிடிப்பு. இன்னொருவர் "நரம்பு சுருட்டியிருக்கு" என்றால் சிரை புடைத்துச் சுருளும் வெரிகோஸ். மூன்றாமவர் "நரம்புத் தளர்ச்சி" என்றால் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் மற்ற விஷயத்தில் தமிழ் பணக்கார மொழி. கடுப்பு, குடைச்சல், உளைச்சல், எரிச்சல், மதமதப்பு, குத்தல், பிடிப்பு, கனம் என்று ஒவ்வொன்றும் வேறு வலி. டாக்டரிடம் போகும்போது நரம்பு என்று சொல்லாமல், விரலால் இடத்தைக் காட்டி, இந்தச் சொற்களில் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள்.

நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது

மாமாவுக்கு இருந்தது இது. ஓய்வில் வலி இல்லை. குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிழிவதுபோல் வரும், சிலருக்குத் தொடையில் அல்லது பிட்டத்தில். உட்கார வேண்டாம், சும்மா நின்றாலே சில நிமிடங்களில் போய்விடும். மேடு ஏறினால், வேகமாக நடந்தால், தூரம் குறையும். நாளுக்கு நாள் ஏறக்குறைய அதே இடத்தில் வரும். ஜெர்மானியர்கள் இதைக் கடை ஜன்னல் பார்க்கிற நோய் என்கிறார்கள். வலிக்கு நிற்பதை மறைக்கக் கடையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார்களாம். நம் ஊரில் வேட்டி.

காரணம் எளிது. நடக்கும்போது சதைக்கு ரத்தம் பல மடங்கு வேண்டும். தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து குறுகியிருந்தால் ஓய்வுக்குப் போதுகிற ரத்தம் நடைக்குப் போதாது. புகையிலையும் சர்க்கரை நோயும் இதற்கு முதல் இரண்டு காரணங்கள், அப்புறம் ரத்தக் கொதிப்பு, கொலஸ்ட்ரால், வயது. சாப்பாட்டுக்குப் பங்கே இல்லையா என்றால் உண்டு, ஆனால் அது முப்பது வருஷக் கணக்கு. இந்த வாரம் புளியை நிறுத்துவதால் தமனி திறந்துகொள்ளாது.

வீட்டில் பார்க்கக்கூடியவை சில. ஒன்று, கம்பக் கணக்கு. ஒரே தெருவில், ஒரே வேகத்தில், மூன்று நாள் நடந்து, வலி வரும் கம்பத்தையும் நின்ற நிமிடங்களையும் குறியுங்கள். மூன்று நாளும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் ரத்த ஓட்டத்தின் மேல் சந்தேகம் வலுக்கிறது.

இரண்டு, காலைத் தூக்கிப் பார்ப்பது. மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் படுக்கைக்கும் செங்குத்துக்கும் நடுவாக யாரையாவது தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் ஒரு பாதம் மட்டும் வெளுக்கிறதா என்று உள்ளங்காலில் பாருங்கள். கறுப்பான தோல் என்றால் மேல்பக்கம் பார்த்துப் பயனில்லை, உள்ளங்காலும் நகமும்தான் காட்டும். பின்பு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தொங்கவிடுங்கள். வெளுத்த பாதத்துக்கு நிறம் திரும்பத் தாமதமாகி, அப்புறம் கருஞ்சிவப்பாக மாறினால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது.

மூன்று, பாதத்தின் நாடி. உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் பள்ளத்தில் ஒன்று, பாதத்தின் மேல்பக்கம் பெருவிரல் தசைநாணுக்குச் சற்று வெளியே இன்னொன்று. மேல்பக்க நாடி ஆரோக்கியமான சிலருக்கும் கைக்குச் சிக்காது, அதனால் அது கிடைக்கவில்லை என்று பதற வேண்டாம். ஒரு காலில் துடித்து மறு காலில் துடிக்கவில்லை என்பது முக்கியம்.

உறுதி செய்யும் டெஸ்ட் ஊசிகூட இல்லாதது. கணுக்காலில் எடுக்கும் ரத்த அழுத்தத்தைக் கையில் எடுக்கும் அழுத்தத்தால் வகுப்பார்கள். 1.0 முதல் 1.4 வரை சரி. 0.9-ம் அதற்குக் கீழும் தமனி அடைப்பு. மாமாவுக்குக் கையில் 140, வலது கணுக்காலில் 84, ஆக 0.6. பதினைந்து நிமிட வேலை. எட்டு மாதம் வாழைக்காயைக் குறை சொன்னதை நினைத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவர் கெட்டித்துப்போய், அழுத்தப்பட்டி அதை நசுக்க முடியாமல், எண் 1.4-க்கு மேலே பொய்யாக நிற்கும். அவர்களுக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். வீட்டு பி.பி. மெஷினைக் கணுக்காலில் கட்டி இதைச் செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ரத்தம் குறைவாக ஓடும் காலில் அந்த மெஷின் காட்டும் எண்ணை நம்ப முடியாது. சின்ன டாப்ளர் கருவியோடு செய்வதுதான் முறை.

முப்பது நாற்பது வயதுக்காரர், பீடியோ சிகரெட்டோ விடாதவர், பாதத்தில் வலி, விரல் நுனியில் ஆறாத புண் என்றால் இன்னொரு நோயை நினைக்க வேண்டும். 1908-இல் நியூயார்க்கில் லியோ பர்கர் விவரித்ததால் பர்கர் நோய் என்று பெயர். கொழுப்பு அடைப்பு இல்லை இது, சிறிய ரத்தக்குழாய்கள் அழற்சியாகி உறைந்து அடைபடுவது. இதற்கு ஒரே உறுதியான மருந்து புகையிலையை முழுக்க விடுவது. குறைத்துக்கொள்வது கணக்கில் வராது. நாளைக்கு இரண்டு பீடி என்று பேரம் பேசியவர்கள் விரலை இழந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நின்றாலும் போவதில்லை, குனிந்தால் அல்லது உட்கார்ந்தால்தான் போகிறது

சாப்பாடும் இல்லை, ரத்த ஓட்டமும் இல்லை, முதுகுத் தண்டு. கீழ்முதுகில் நரம்பு போகும் வழி குறுகியிருக்கும். நடந்தால் இரண்டு காலும் கனத்து மதமதக்கும், நின்றுகொண்டிருந்தாலும் வலி தொடரும், முன்னால் குனிந்தால் நிம்மதி. சைக்கிள் மிதித்துப் பாருங்கள். குனிந்தபடி மிதிக்கும்போது வலி இல்லை, நடந்தால் மட்டும் வலி என்றால் அநேகமாக இதுதான். தமனி அடைப்புக்காரருக்கு சைக்கிளிலும் கெண்டை வலிக்கும்.

காலையில் ஒன்றுமில்லை, மாலையில் கனக்கிறது

ஜவுளிக்கடையில், ஓட்டல் அடுப்படியில், வகுப்பறையில் நாள் முழுக்க நிற்பவர்கள். காலையில் சாதாரணமாகப் போடும் செருப்பு மாலையில் இறுகும். கெண்டையில் கனமான உளைச்சல், உள்கணுக்காலுக்கு மேலே அரிப்பு, நாளடைவில் தோல் கறுத்துப்போதல். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தால் சுகம். இதுவும் ரத்த ஓட்டம்தான், ஆனால் மேலே சொன்னதற்கு எதிர்ப்பக்கம்: காலுக்கு வருவதில் தடை இல்லை, இதயத்துக்குத் திரும்புவதில் தடை. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் பழுதாகி ரத்தம் கீழே தேங்குகிறது.

ஆகவே ஒரு குறுக்கு வழி: காலைத் தூக்கினால் சுகமா, தொங்கவிட்டால் சுகமா? தூக்கினால் சுகம் என்றால் சிரை. தொங்கவிட்டால் சுகம் என்றால் தமனி. இந்த ஒரு கேள்வி நிறையப் பேருக்கு உதவியிருக்கிறது.

இறுக்கமான காலுறையை மருந்துக் கடையில் தானே வாங்கிப் போட்டுக்கொள்வது இப்போது பரவலாகிவிட்டது. சிரை நோய்க்கு அது நல்லது. தமனி அடைபட்ட காலில் அதைப் போட்டால் வருகிற கொஞ்ச ரத்தத்தையும் நெரித்துவிடும். சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் கணுக்கால் அழுத்தம் பார்த்த பின்புதான் வாங்க வேண்டும்.

இரண்டு காலும் சமமாக வீங்கி, அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, சத்துக்குறைவு என்று பட்டியல் நீளம். அதை வீட்டில் பிரிக்க முடியாது.

ராத்திரி படுத்தால்தான் வலி

இதில் மூன்று வேறு வேறு ஆட்கள் ஒரே வாசலில் நிற்கிறார்கள்.

முதலாவது, குரக்குவலி. தூக்கத்தில் கெண்டை முறுக்கி, சதை கட்டியாகத் திரண்டு, உயிர் போகும். ஓரிரு நிமிடம், பாதத்தைப் பிடித்து விரல்களை முகத்தை நோக்கி இழுத்தால் இறங்கும். மறுநாள் சதை நோகும். இதற்குத்தான் "பொட்டாசியம் குறைவு, வாழைப்பழம் சாப்பிடு" என்று சொல்லாதவர் இல்லை. நல்ல உடம்பில் ராத்திரி வரும் பிடிப்புக்குப் பெரும்பாலும் சத்துக்குறைவு காரணம் இல்லை. முதியவர்களுக்கு மெக்னீசியம் மாத்திரையும் பெரிய பலன் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. சாப்பாடோ உப்போ உண்மையில் காரணமாகும் இடங்கள் உண்டு: வெயிலில் வியர்த்துக் கொட்டி வேலை செய்பவர்கள், வாந்தி பேதி, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், டயாலிசிஸ், கர்ப்பம். சூளையிலும் வயலிலும் வேலை செய்துவிட்டு வெறும் தண்ணீராகக் குடிப்பவர்களுக்கு உப்புப் போட்ட நீர்மோரோ கஞ்சியோ வேலை செய்யும். மற்றவர்கள் படுக்கும் முன் சுவரில் கை ஊன்றிக் கெண்டையை இழுத்து நீட்டும் பயிற்சியைச் சில வாரம் செய்து பாருங்கள்.

இரண்டாவது, கால் சும்மா இருக்க விடாதது. வலி என்றும் சொல்ல முடியாது. உள்ளே ஏதோ ஊர்வதுபோல், காலை ஆட்டியே தீர வேண்டும்போல், மாலையிலும் இரவிலும் வரும். எழுந்து நடந்தால் போகும், படுத்தால் வரும். இங்கே சாப்பாடு நேரடியாகச் சம்பந்தப்படுகிறது, காரணம் இரும்புச்சத்து. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். இருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். இந்தத் தொந்தரவு உள்ளவருக்கு ஃபெரிட்டின் 75-க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்ப்பார்கள், லேப் தாளில் அது நார்மல் என்று அச்சாகியிருந்தாலும். மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகும் பெண்கள், கர்ப்பிணிகள், சாப்பிட்டதும் டீயோ காபியோ குடிப்பவர்கள் கவனிக்க வேண்டும். டீயில் இருக்கும் துவர்ப்பு கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.

மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது. வலி கெண்டையில் இல்லை, பாதத்திலும் விரலிலும். சதை திரள்வதில்லை. படுத்த சில நேரத்தில் எழுப்பிவிடும், காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் குறையும். நாற்காலியில் உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்துவிடுவார்கள். படுத்த நிலையில் புவியீர்ப்பின் உதவி இல்லாததால் பாதத்துக்கு ரத்தம் எட்டவில்லை என்று பொருள். தமனி அடைப்பு முற்றிய நிலை இது. அந்த வாரமே ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம் போக வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது.

பாதம் எரிகிறது, மெத்தென்று இருக்கிறது

இரண்டு பாதமும், விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்ட அளவுக்கு மேலே ஏறும். எரிச்சல், ஊசி குத்தல், பஞ்சு மேல் நடப்பதுபோல். செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்து வந்தேன் என்பார்கள். ரத்த ஓட்டத்தின் மேல் பழி போடுவது வழக்கம், "ரத்தம் போகலை, அதான் மரக்குது" என்று. பெரும்பாலும் பழி சேர வேண்டிய இடம் சர்க்கரை நோயோ பி12 குறைவோ. சமமாக இரண்டு காலிலும் வருவது நரம்பின் குணம், தமனி அடைப்பு பெரும்பாலும் ஒரு காலில் அதிகமாகக் காட்டும்.

பி12 தாவர உணவில் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். பால், தயிர், முட்டை, மீன், கறி, ஈரல் இவற்றில் உண்டு. "இட்லி மாவு புளிக்கிறதே, அதில் வராதா? பழைய சோற்றில்?" என்று கேட்கிறார்கள். அதை நம்பி இருக்க முடியாது. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும், "கேஸ் மாத்திரை" என்று வெறும் வயிற்றில் போடும் அமிலக் குறைப்பு மாத்திரையைத் தினமும் விழுங்குபவர்களுக்கும் பி12 உடம்பில் சேர்வது குறையும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும் சைவக்காரச் சர்க்கரை நோயாளி நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். அவர் எரிச்சலை எல்லாரும் சர்க்கரைக் கணக்கிலேயே எழுதிவிடுவோம். ரத்தத்தில் பி12 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. வெறும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைத் தானே வாங்கிச் சாப்பிட்டால் சோகை சரியாகி, நரம்புப் பழுது சத்தமில்லாமல் தொடரும். அது கூடாது.

தினமும் குடிப்பவர்களுக்கு இதே எரிச்சல் தயமின் என்ற பி1 குறைவால் வரும். பெரிபெரி என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். தீட்டிய பச்சரிசியை மட்டுமே நம்பி வாழ்ந்த இடங்களில் பரவியிருந்த நோய் அது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் நடத்திய ஆய்வுக்கூடம் இதையும் ஆராய்ந்தது. நெல்லைப் புழுக்கும்போது உமியை ஒட்டிய தவிட்டிலிருந்து தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்நாட்டை விட்டுவிட்டு, பச்சரிசி சாப்பிட்ட வட ஆந்திரக் கடற்கரையில் அந்த நோய் ஆடியது இதனால்தான். பாத எரிச்சலுக்கே தனியாக ஒரு பெயரும் உண்டு: கிரியர்சன்-கோபாலன் நோய்க்குறி. அந்தக் கோபாலன் சேலத்தில் பிறந்த சத்துணவு விஞ்ஞானி சி. கோபாலன். 1946-இல் அதைப் பற்றி எழுதினார். பாதம் எரிகிறவருக்கு ஊர்க்காரர் ஒருவர் ஏற்கெனவே வழி பார்த்து வைத்திருக்கிறார்.

உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

விடியற்காலையில் ஒரே ஒரு மூட்டு

ஆடி மாசம் கோயில் கிடாவெட்டு. ஈரல், குடல், நெஞ்செலும்பு, கூட இரண்டு பீர். மறுநாள் மூன்று மணிக்குக் கால் பெருவிரலின் அடிமூட்டு தக்காளிபோல் சிவந்து, போர்வை பட்டாலே கத்துகிற அளவுக்கு வலி. இதில் சாப்பாட்டைச் சந்தேகிப்பது நியாயம். கவுட் என்கிற யூரிக் ஆசிட் வாதம் இது. கணுக்கால், பாதத்தின் மேல்பக்கம், முழங்கால் என்றும் வரலாம். ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6.8-க்கு மேல் போனால் ஊசிபோன்ற படிகங்கள் மூட்டில் படியத் தொடங்கும்.

பருப்பு, கீரை, காளான், காலிஃபிளவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லும் பட்டியல்கள் சுற்றுகின்றன. உடம்பில் யூரிக் ஆசிட்டாக மாறும் பியூரின் இருந்தாலும் காய்கறிகளும் பருப்பும் கவுட்டைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. குறைக்க வேண்டியவை பீர் முதலான மது, உள்ளுறுப்புக் கறி, ஆட்டுக்கறி, நெத்திலி, மத்தி, இறால், சர்க்கரை கரைத்த பாட்டில் பானங்கள். தண்ணீர் குறைவாகக் குடித்தாலும், சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகளாலும் தூண்டப்படும். வலி இருக்கும் நாளில் டெஸ்ட் எடுத்தால் எண் நார்மலாக வந்து ஏமாற்றக்கூடும், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். மறுபக்கம், யூரிக் ஆசிட் 7.5 என்று தாளில் வந்ததாலேயே கெண்டைக்கால் வலிக்குக் காரணம் அதுவென்று ஆகிவிடாது. மூட்டு சிவந்து வீங்காமல் கவுட் இல்லை. மாமாவுக்கும் 7.2 இருந்தது, அதைக் காட்டித்தான் பருப்பையும் நிறுத்தினார்.

கவுட்டுக்குக் கொடுக்கும் கோல்ச்சிசின் என்ற மருந்து நம் மாநிலப் பூவான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது. அந்த விதைக்காகவே மேற்கு மாவட்டங்களில் பந்தல் கட்டிப் பயிர் செய்கிறார்கள். அதற்காகக் கிழங்கை அரைத்துக் குடிக்கப் போய்விடாதீர்கள், அது கொல்லும் விஷம்.

தரையிலிருந்து எழ முடியவில்லை, முன்னங்கால் எலும்பு நோகிறது

பந்தியில் உட்கார்ந்து எழும்போது கை ஊன்ற வேண்டியிருக்கிறது, படி ஏறத் தொடையில் பலம் இல்லை, முன்னங்கால் எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுரீர் என்கிறது. வைட்டமின் டி பாருங்கள். 20 நானோகிராமுக்குக் கீழே குறைவு. வெயில் கொளுத்தும் ஊரில் இதுவா என்றால், வெயில் நம்மீது பட்டால்தானே. வாரம் ஒன்று சாப்பிடும் 60,000 யூனிட் மாத்திரையைச் சொன்ன வாரங்களோடு நிறுத்திவிடுங்கள். சிலர் அதைத் தினமும் விழுங்கிக் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள்.

கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் இரண்டு தொடையும் நோகத் தொடங்கினால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், தானே நிறுத்த வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகி வலித்தால், பல்லில் பழுப்புக் கோடுகளும் இருந்தால், ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் நீர் குடிக்க ஆகாது. ஒகேனக்கல் குடிநீர் அந்த ஊர்களுக்கு வந்ததன் காரணங்களில் ஒன்று இது.

இத்தனைக்கும் பிறகு, "இல்லை, எனக்குச் சாப்பாடுதான்" என்பவருக்கு

சரி, சோதித்துவிடலாம். சந்தேகப்படும் பொருள் ஒன்றே ஒன்றை இரண்டு வாரம் நிறுத்துங்கள். வலியைத் தினமும் பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். மூன்றாவது வாரம் வழக்கம்போல் சாப்பிடுங்கள். குறைந்து, மறுபடி ஏறி, இன்னொரு முறையும் அப்படியே ஆனால் ஒப்புக்கொள்கிறேன். ஐந்து பொருளை ஒன்றாக நிறுத்தினால் எதுவும் தெரியாது, உடம்பு இளைப்பதுதான் மிச்சம். வாழைக்காயும் மொச்சையும் வயிற்றில் காற்றை உண்டாக்கும், அது மெய். அந்தக் காற்று குடலைத் தாண்டிக் கெண்டைக்காலுக்கு இறங்க வழி இல்லை. இந்தச் சோதனையைக் காலில் நாடி குறைந்தவரும் புண் உள்ளவரும் செய்துகொண்டு நாளைக் கடத்தக் கூடாது.

டாக்டரிடம் போகும்போது அந்த ஒரு வாரத் தாளையும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள். சர்க்கரை, பி12, ஃபெரிட்டின், வைட்டமின் டி, தைராய்டு, கிரியேட்டினின் இவற்றில் எது தேவை என்று தாளைப் பார்த்தே பாதி முடிவாகிவிடும். ஐம்பது தாண்டியவர், புகைத்தவர், சர்க்கரை உள்ளவர் என்றால் கணுக்கால் அழுத்தம் பார்க்க நீங்களே கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் பார்ப்பதில்லை. நரம்புக் கோளாறும் ரத்த ஓட்டக் கோளாறும் சேர்ந்தே இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். நெடுநாள் சர்க்கரை நோயாளிக்கு நரம்பு மரத்துப்போனால் தமனி அடைப்பின் வலியே தெரியாது. கம்பத்தருகே நிற்காமல் நேராகப் புண்ணோடு வந்து நிற்பார்.

மாமாவுக்குக் கத்தி வைக்கவில்லை. பீடியை விட்டார், அது மூன்று முயற்சியில் நடந்தது. ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று. மற்றது நடை: வலி வரும்வரை நடந்து, நின்று, போனதும் மறுபடி நடந்து, இப்படி முப்பது நாற்பது நிமிடம், வாரத்தில் குறைந்தது மூன்று நாள், மூன்று மாதம். நடந்தால் வலிக்கிறவரை நடக்கச் சொல்வது அத்தைக்குப் பிடிக்கவே இல்லை. அடைபட்ட தமனியைச் சுற்றிப் பக்கக் குழாய்கள் பெருகவும், இருக்கிற ரத்தத்தில் சதை வேலை செய்யப் பழகவும் அது உதவும் என்று சொல்லிப் பார்த்தேன். இப்போது பதினேழாவது கம்பத்தில் நிற்கிறார். பஜ்ஜிக் கடை பதினைந்தாவது கம்பத்தருகே இருக்கிறது. வாழைக்காய்க்குத் தடை நீங்கிவிட்டதால் அத்தைக்கு இப்போது அந்தக் கவலை.